வரையவும் எழுதவும் ஆசை இருக்கு, ஆனா எதைன்னுதான் தெரியல. நீங்கல்லாம் எங்கிருந்து எடுக்கறீங்க?

நூல்கண்டு:

வணக்கமுங்க. திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சண்டைசரா இருக்கேன், பையருக்கும் (துணி வாங்கற கம்பெனி) ஃபேக்டரிக்கும் நடுவுல நின்னு ஆர்டர பாத்துக்கற வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து சமையல் முடிச்சு பாப்பாவ தூங்க வெச்சதுக்கப்புறம் கெடைக்கற ஒரு மணி நேரம்தான் எனக்குன்னு இருக்கறது, அதுல ரெண்டு வேலை பண்றேன், ஒன்னு சிறுகதை எழுதறது, இன்னொன்னு லேப்டாப்ல பென் டேப்லெட் மாட்டி கிரிட்டாங்கற வரையற சாப்ட்வேர்ல படம் போடறது. விக்கணும்னோ போட்டிக்கு அனுப்பணும்னோ இல்லீங்க, அந்த ஒரு மணி நேரம் இருந்தாத்தான் அடுத்த நாள் ஆபீஸ் போகவே தெம்பு வருது.

இப்ப கொஞ்ச நாளா என்ன ஆகுதுன்னா கிரிட்டாவ தொறந்து வெள்ளை கேன்வாஸ பாத்துட்டே உக்காந்திருக்கேன். ஐடியா வேணும்னு படமா சேத்து வெச்சிருக்கற பின்ட்ரெஸ்ட் சைட்டுக்கு போனா அங்கயே முக்கா மணி நேரம் போயிருது, அங்க பாத்தத வெச்சு வரைஞ்சா வாள் புடிச்ச பொண்ணு, மேகத்துக்கு மேல கோட்டை, மழையில நியான் போர்டு மின்னற ஜப்பான் தெரு, இப்படித்தான் வருது. பாக்கறவங்க நல்லாருக்குங்கறாங்க, எனக்கு மட்டும் அது என்னோடதா தெரியல. கதையும் அப்படியேதான், ரெண்டு பக்கம் போனதும் ஏற்கனவே எங்கியோ படிச்ச கதையோட வாடை அடிக்க ஆரம்பிச்சிருது, அத்தோட நிறுத்திடறேன். ஏஐகிட்டயும் கேட்டு பாத்தேன், நிமிசத்துல நெறய ஐடியா குடுக்குது, ஒன்னு கூட மனசுல ஒட்டல.

எங்கூர்ல என்னங்க இருக்கு, பனியன் கம்பெனி, டையிங், லாரி, பேக்கரி. மலையா கடலா கோட்டையா, ஒன்னும் இல்ல. உங்களுக்கெல்லாம் ஐடியா எங்கிருந்து வருது? கதையையும் படத்தையும் ஒன்னா சேத்து ஏதாச்சும் பண்ண முடியுமா? பண்றவங்க இருந்தா சொல்லுங்க.

கரிக்கோடு:

பின்ட்ரெஸ்ட்ல நீங்க பாக்கறது எல்லாமே இன்னொருத்தர் முடிவெடுத்து முடிச்ச படம். எதை வரையணும், எதை விடணும், வெளிச்சம் எந்த பக்கத்துல இருந்து விழணும்னு எல்லாத்தையும் அவங்க தீர்மானிச்சாச்சு, உங்களுக்குன்னு அதுல ஒன்னும் மிச்சம் இல்ல. அதனாலதான் எவ்ளோ நல்லா வரைஞ்சாலும் அடுத்தவங்க சட்டைய போட்டுக்கிட்ட மாதிரி இருக்கு. உங்க கையில ஒரு கொறையும் இல்லீங்க.

நான் சின்ன நோட்டும் பால்பாயிண்ட் பேனாவும் வெச்சிருக்கேன், பேனாங்கறது வேணும்னேதான், பென்சிலா இருந்தா அழிச்சுக்கிட்டே இருப்போம். எங்க தெரு முக்குல ஒரு இஸ்திரி வண்டி நிக்குது. மொத தடவை வரைஞ்சப்ப வண்டி, ஆளு, பெட்டின்னு பொம்மை மாதிரி வந்துச்சு. அப்புறம் பொறுமையா பாக்க பாக்கத்தான் ஒவ்வொன்னா தெரிய ஆரம்பிச்சுது. பெட்டி மூடிய தூக்கி கரி போடறப்ப உள்ள செவசெவன்னு தெரியுது, மூடினதும் பக்கத்துல இருக்கற ஓட்டை வழியா மட்டும் அந்த செவப்பு எட்டி பாக்குது. கைப்பிடி மரம் கை பட்டு பட்டு கருத்து போயி அதுக்கு மேல ஒரு பழைய துணிய சுத்தியிருக்காரு. தண்ணி தெளிக்க குளிர்பான பாட்டில், மூடியில ஆணியால போட்ட ஓட்டைங்க. கீழ்த்தட்டுல ஒவ்வொரு வீட்டு துணியும் அந்த வீட்டு பெட்ஷீட்லயே மூட்டையா கட்டி வரிசையா இருக்கு. அதுல ஒரு மூட்டை மட்டும் ரொம்ப நாளா அங்கயே கெடந்துச்சு, யாரும் எடுக்க வரல. யாரோட மூட்டைன்னு அவர்கிட்ட நான் கேக்கல, கேட்டு தெரிஞ்சிருந்தா அத வெச்சு ஒரு கதைய நான் எழுதியிருக்கவே மாட்டேன்.

முன்ன ஆனந்த விகடன்ல கோயில் சிற்பங்கள வரைஞ்ச சில்பி, கோயில் கோயிலா போயி சிலைக்கு எதிர்லயே உக்காந்து வரைஞ்சவரு. கேமரா இல்லாத காலம் இல்ல அது. ஆனாலும் அங்க போயி உக்காந்தாரு, அந்த கோட்டப் பாத்தாலே தெரியும் எவ்ளோ நேரம் பாத்திருக்காருன்னு.

உங்கூர்ல ஒன்னும் இல்லேங்கறீங்களே, நஞ்சராயன் குளம் எங்க இருக்கு? 2024 ஆகஸ்ட்ல ராம்சார் பட்டியல்லயே, அதாவது உலக அளவுல முக்கியமான நீர்நிலைங்க பட்டியல்லயே சேத்துட்டாங்க. ஞாயித்துக்கிழமை காலையில பாப்பாவ கூட்டிட்டு போங்க. கூழைக்கடா நிக்கறத நேர்ல பாத்து ரெண்டு கோடு போட்டு பாருங்க, அந்த பையி தொங்கற அலகோட கனத்துக்கு கழுத்து எப்படி மடங்குதுன்னு போட்டோல இருந்து வரைஞ்சா புடிபடாது.

மதியவெயில்:

கரிக்கோடு அண்ணா அந்த மூட்டை கதைய எப்பயாச்சும் இங்க போடுங்க ப்ளீஸ், படிக்கணும்.

செம்பழுப்பு:

நான் துணிக்கு சாயம் போடற ப்ராசஸிங் யூனிட் லேப்ல வேலை பாத்தவன், இப்ப ஈரோட்டுல செட்டில் ஆயிட்டேன், டிஜிட்டல் பெயிண்டிங் ராத்திரி பொழுதுபோக்கு. எங்கூர்ல ஒன்னும் இல்லேன்னு நீங்க எழுதினத என்னால அப்படியே விட முடியல.

நீங்க மெர்ச்சண்டைசர், அப்ப லேப் டிப் அப்ரூவல் உங்க டேபிளுக்கு வராம இருக்காது. பையர் குடுத்த ஷேடுக்கு டையிங்ல இருந்து ஏ, பி, சின்னு சின்ன சின்ன துண்டு துணி அட்டையில ஒட்டி வரும், லைட் பாக்ஸ்ல வெச்சு டி65ல, அதாவது பகல் வெளிச்ச லைட்ல பாப்பீங்க, அப்புறம் டிஎல்84ங்கற கடை லைட்டுக்கு மாத்துவீங்க. பகல் வெளிச்சத்துல ரெண்டும் ஒன்னா இருக்கும், கடை லைட்டுக்கு மாத்தின உடனே ஒன்னு மட்டும் கொஞ்சம் செவப்புக்கு ஓடியிருக்கும். மெட்டாமெரிசம்னு சொல்லி திருப்பி அனுப்புவீங்க. ரெண்டு துணியும் வேற வேற சாயக் கலவையில வந்த ஒரே நிறம், ஒரு வெளிச்சத்துல சேரும் இன்னொரு வெளிச்சத்துல பிரியும். டிஜிட்டல் ஆர்ட் கத்துக்கறவங்க இத புரிஞ்சுக்க ரொம்ப கஷ்டப்படுவாங்க, அவங்க தக்காளின்னா செவப்ப எடுப்பாங்க, எலைன்னா பச்சைய எடுப்பாங்க, வெளிச்சம் மாறினா நிறம் மாறும்ங்கறது கண்ணுக்கு பழகவே நாளாகும். உங்களுக்கு அந்த கண்ணு ஆபீஸ்லயே பழகியிருக்கு, அதுக்கு சம்பளமும் தர்றாங்க, நீங்க என்னடான்னா அத ஆபீஸ்லயே வெச்சிட்டு வீட்டுக்கு வந்து ஜப்பான் தெருவ வரையறீங்க!

ஒன்னு பண்ணுங்க. வீட்ல இருக்கற ஒரு எவர்சில்வர் டம்ளர் எடுங்க. லைன் டிராயிங் ஒன்னே ஒன்னு போதும், அத மூனு காப்பி எடுத்துக்கங்க. ஒன்ன காலை வெயில்ல வெச்சு பாத்து கலர் பண்ணுங்க, ஒன்ன சமையக்கட்டு டியூப் லைட்ல, ஒன்ன தெருவுல மஞ்ச லைட்டு இன்னும் இருந்தா அதுக்கு அடியில. ஒரு படத்துக்கு மூனு கலரும் வெள்ளையும்தான், அதுக்கு மேல எடுக்கக் கூடாது. பிரஷ்ஷும் ஒன்னே ஒன்னு, கிரிட்டாவோட கூட வர்றதுலயே ஒரு சாதா பிரஷ் போதும். பிரஷ் டவுன்லோட் பண்ணப் போனா அதுவும் இன்னொரு பின்ட்ரெஸ்ட்தான். இருட்டும் வெளிச்சமும் சரியா விழுந்திருக்கான்னு பாக்க எல்லாத்துக்கும் மேல ஒரு லேயர் (கண்ணாடித்தாள் மாதிரி ஒரு அடுக்கு) போட்டு முழுக்க கருப்ப ஊத்தி பிளெண்டிங் மோட கலர்னு மாத்துங்க, படம் கருப்பு வெள்ளையா தெரியும், பாத்துட்டு அந்த லேயர மறைச்சிருங்க. நான் இது இல்லாம ஒரு படம் முடிக்கறதில்ல.

அப்புறம் நொய்யல். வெள்ளியங்கிரியில பொறந்து கரூர் மாவட்டத்துல காவிரியில போயி சேர்ற ஆறு, நடுவுல உங்க ஊருக்குள்ள வர்றப்ப ஒரு காலத்துல அன்னைக்கு எந்த ஷேடு ஓடுதோ அந்த கலர்ல ஓடுச்சு. ஒரத்துப்பாளையம் அணைய விவசாயத்துக்குன்னு கட்டி சாயத்தண்ணி தேங்கற எடமா போச்சு. 2011 ஜனவரியில ஐகோர்ட் உத்தரவு போட்டு டையிங் யூனிட்டெல்லாம் மூடுனாங்க, அப்புறம் ஒரு சொட்டு கழிவு கூட வெளிய விடாம சுத்திகரிச்சாத்தான் ஓட்டலாம்னு ஆச்சு. மூடிக் கெடந்த அந்த மாசங்கள்ல வேலை இல்லாம ஊருக்கு போனவங்க, லோன் கட்ட முடியாம நின்னவங்க, அதே சமயம் கிணத்து தண்ணி கெட்டு வெவசாயத்த விட்டவங்க, ரெண்டு பக்கமும் ஞாயம் இருந்துச்சு. உங்க ஆபீஸ்ல அம்பது வயசு தாண்டின யார்கிட்டயாவது ஒரு டீ குடிக்கற நேரம் கேளுங்க, பத்து கதைக்கு ஆகும்.

ஏஐ குடுத்த லிஸ்ட் மனசுல ஒட்டலன்னு சொன்னீங்கள்ல, அது உங்க லைட் பாக்ஸ் முன்னாடி ஒரு நாளும் நின்னதில்ல, அதான்.

ஏட்டுச்சுவடி:

பள்ளிக்கூடத்துல தமிழ் எடுக்கறேம்மா, அதனால என் பக்கத்துல இருந்து ஒன்னு சொல்றேன். இப்ப எல்லாரும் எழுத ஆரம்பிக்க ஒரு தூண்டுதல் வேணும்னு ப்ராம்ட் ப்ராம்ட்னு தேடறாங்க இல்லையா, தொல்காப்பியத்துல இருக்கற முதல், கரு, உரி அதுக்குன்னே செஞ்சு வெச்ச மாதிரி இருக்கும். பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணி மறந்துருப்பீங்க, எழுதறவங்க கண்ணால திரும்ப பாருங்க. முதற்பொருள்னா நிலமும் பொழுதும், அதாவது எங்க, எப்ப. கருப்பொருள்னா அந்த எடத்துல இருக்கற மரம், பறவை, விலங்கு, சாப்பாடு, தொழில், பறை, யாழ் எல்லாம். உரிப்பொருள்னா மனசுல நடக்கறது. பாலைன்னா நண்பகல், பிரிவு. முல்லைன்னா கார்காலத்து மாலை, வருவாங்கன்னு காத்திருக்கறது. மருதத்துக்கு வைகறை, ஊடல். நெய்தலுக்கு எற்பாடு, அதாவது பொழுது சாயற நேரம், இரங்கல். குறிஞ்சிக்கு யாமம், கூடல். ஒரு உணர்ச்சிய சொல்லணும்னா அத நேரா சொல்லாம அந்த நேரத்து வெளிச்சத்தையும் அந்த எடத்து பறவையையும் வெச்சே சொல்லிட்டாங்க. ஓவியருக்கும் அதுதானே வேலை, எந்த நேரம், எந்த வெளிச்சம், பக்கத்துல என்ன இருக்கு.

இத உங்க ஊருக்கு வெச்சு பாருங்க. திருப்பூர் ரயில்வே ஸ்டேஷன், உச்சி வெயில், ஒடிசாவுக்கோ பீகாருக்கோ போற ரயிலுக்கு பையோட காத்திருக்கற பசங்க. நேரம் நண்பகல், மனசுல பிரிவு, மேல சுத்தறது பருந்து. பாலைத் திணை அப்படியே கண்ணு முன்னாடி நிக்குது. முல்லையும் குறிஞ்சியும் தன் இயல்பு கெட்டு வறண்டா பாலையாகும்னு சிலப்பதிகாரம் சொல்லுது, செம்பழுப்பு சொன்ன நொய்யல அதோட வெச்சு யோசிங்க. சனிக்கிழமை சாயங்காலம் சம்பள நாள், ஷிப்ட் முடிஞ்சு வர்ற ஆளுக்காக வாசல்ல ஒருத்தி நிக்கறா, மழை மேகம் கட்டியிருக்கு. அது முல்லை. காட்டுக்கோழிக்கு பதிலா அங்க என்ன பறவை, முல்லைப்பூவுக்கு பதிலா அந்த வாசல்ல என்ன செடி பூத்திருக்கு? அத நீங்கதான் போயி பாத்து எழுதணும். குறிஞ்சிப்பாட்டுல கபிலர் 99 பூவ பேர் சொல்லி அடுக்கறாரு, "பல வண்ண மலர்கள்"னு ஒரு வார்த்தையில முடிச்சிருக்கலாம், முடிக்கல. உங்க தெருவுல இருக்கற செடிங்க பேரு ஒரு பத்து எழுதி பாருங்க, எங்க கிளாஸ் பசங்க அஞ்சுக்கு மேல தாண்ட மாட்டேங்கறாங்க, ஆனா ஒரு வாரம் கழிச்சு வந்து சொல்றப்ப அவங்க மொகத்துல ஒரு சந்தோசம் பாக்கணும்.

கதையையும் படத்தையும் சேக்கறது பத்தி கேட்டிருந்தீங்க. நம்மகிட்ட சித்திரகவின்னு ஒரு பழைய வழக்கமே இருக்கு. பாட்டோட எழுத்துகள தேர் வடிவத்துலயோ பாம்பு வடிவத்துலயோ கட்டங்கட்டமா அடுக்குவாங்க, ரத பந்தம், நாக பந்தம்னு பேரு. திருமங்கையாழ்வாரோட திருவெழுகூற்றிருக்கைய, அதாவது ஒன்னுல இருந்து ஏழு வரைக்கும் எண்ணு ஏறி எறங்கற பாட்ட, தேர் வடிவத்துல எழுதி கும்பகோணம் சாரங்கபாணி கோயில்ல வெச்சிருக்காங்க. கும்பகோணம் போனா நின்னு பாருங்க, பாட்டுல எண் ஏறி எறங்கறதுக்கு தக்க தேரோட தட்டு அகலமாகும், குறுகும். நீங்க அந்த மாதிரி யாப்பெல்லாம் கத்துக்கணும்னு சொல்ல வரல, வரியோட நீளத்த வெச்சே ஒரு உருவம் செய்யலாம்ங்கறதுக்கு சொன்னேன்.

கட்டுப்பாடு போட்டுக்கிட்டு எழுதறதும் நல்ல பழக்கம். திருக்குறள் 341 படிச்சு பாருங்க, உதடு ஒட்டவே ஒட்டாது. சம்பந்தர் மாலைமாற்று பாடியிருக்காரு, முன்னால இருந்து படிச்சாலும் பின்னால இருந்து படிச்சாலும் ஒரே பாட்டு. பிரான்ஸ்ல 1960ல ஊலிப்போன்னு ஒரு குழு ஆரம்பிச்சு இந்த மாதிரி கட்டுப்பாட்டையே தொழிலா வெச்சு எழுதுனாங்க. செம்பழுப்பு மூனு கலர்னு சொன்னதும் இதே வேலைதான் செய்யும். எதை வேணா எழுதலாம்னு சொன்னா பசங்க பேனாவ கடிச்சிட்டு உக்காந்திருக்காங்க, "ம"ங்கற எழுத்தே வராம அம்மாவ பத்தி எட்டு வரி எழுதுன்னு சொன்னா உடனே குனிஞ்சு எழுத ஆரம்பிச்சிடறாங்க.

பனங்கூடல்:

நான் யாழ்ப்பாணம். எனக்குப் படம் கீறத் தெரியாது, எழுத்துப் பக்கம் மட்டும் சொல்றன். எல்லாரும் கண்ணைப் பற்றித்தான் கதைக்கிறியள், காதையும் சேர்த்துக்கொள்ளுங்கோ. கதை எனக்கு எப்பவும் ஆரோ சொன்ன ஒரு வசனத்திலதான் துவங்கும். ஒருக்கா பஸ்ஸில எனக்கு முன் சீற்றில இருந்த ரெண்டு வயசான அம்மாக்களில ஒராள் மற்றவவிட்ட "அவன் வாறன் எண்டவன், நான்தான் வேண்டாம் எண்டனான்" எண்டு சொன்னா. அவ்வளவுதான், அடுத்த தரிப்பில இறங்கிட்டா. அவன் எண்டது மகனோ, எங்கயிருந்து வாறன் எண்டவன், ஏன் வேண்டாம் எண்டவ? வீட்டை வந்த உடன எழுதி வைச்சன். கேட்ட மாதிரியே எழுத வேணும், நல்ல தமிழில திருத்தினா அந்த ஆள் அதுக்குள்ள இருந்து போயிடுவா.

இன்னொண்டு, நூலகம் எண்ட இணையத்தளம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், 2005ல இருந்து ஈழத்துப் புத்தகங்கள், சஞ்சிகை, பத்திரிகை எண்டு ஸ்கான் பண்ணி இலவசமாப் போட்டுக்கொண்டு இருக்கினம். நான் அங்க கதைப் புத்தகத்தை விட நினைவு மலர்களைத்தான் கூடத் தேடிப் பாக்கிறனான். எங்கட ஊரில ஆரும் செத்தா முப்பத்தொராம் நாளுக்கு ஒரு சின்னப் புத்தகம் அடிச்சுக் குடுக்கிற வழக்கம், கல்வெட்டு எண்டும் சொல்லுவினம். அவரின்ர வாழ்க்கைக் குறிப்பு, வம்ச விருட்சம், தேவாரம், பிள்ளையள் எழுதின கவிதை எல்லாம் இருக்கும். அதில இருக்கிற ஆக்களை எடுத்து எழுதச் சொல்லேல்லை, அது சரியில்லை. அந்த வடிவத்தைப் பாருங்கோ. ஒரு மனிசன்ர முழு வாழ்க்கையையும் ரெண்டு பக்கத்தில சொல்லேக்க எதைச் சொல்லினம், எந்த வருசத்தைத் தாண்டிப் போயிடினம் எண்டு பாத்தா எழுதிற ஆளுக்கு அதில கனக்க இருக்கு. நான் கற்பனையா ஒரு தபால்காரருக்கு அப்பிடி ஒண்டு எழுதினன், அது பேந்து பெரிய கதையா வளர்ந்திட்டுது.

தமிழ்நாட்டுப் பக்கமும் இப்பிடி இருக்குத்தானே, சென்னை ரோஜா முத்தையா நூலகத்தில பழைய பாட்டுப் புத்தகம், நோட்டீஸ் எல்லாம் வைச்சிருக்கினம். படம் கீறுற ஆளுக்கு அந்த எழுத்து வடிவங்களும் பழைய விளம்பரங்களும் நல்லா உதவும். ஏட்டுச்சுவடி சேர் சொன்ன திணை வடிவான வழிதான், ஆனா துவங்கேக்கயே அட்டவணையைப் பாத்தா அட்டவணைக்கு எழுதிற மாதிரி வந்திடும், முதல் ஒரு வசனம் பிடியுங்கோ, பேந்து நேரத்தையும் பறவையையும் யோசியுங்கோ.

நூல்கண்டு:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றிங்க, இவ்ளோ பேரு இவ்ளோ நேரம் ஒதுக்கி எழுதுவீங்கன்னு நெனைக்கல. செம்பழுப்பு அண்ணா சொன்னத படிச்சிட்டு அடுத்த நாள் லைட் பாக்ஸ் முன்னாடி நின்னப்ப எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துருச்சுங்க, தெனமும் நிக்கற எடம்தான். அன்னைக்கு ராத்திரி இத எழுதினேன். பாத்து சொல்லுங்க.

"பெட்டிக்குள்ள ரெண்டு துண்டு துணி. பகல் லைட்டுல ரெண்டும் ஒரே பச்சை. பட்டனை அமுக்குனதும் எடது கைப்பக்கம் இருந்தது மட்டும் லேசா பழுத்துச்சு. சார் மாத்தி மாத்தி அமுக்கினாரு. பச்சை, பழுப்பு, பச்சை, பழுப்பு. இது ஆகாது, திருப்பி போடச் சொல்லுங்கன்னு போயிட்டாரு. டையிங்ல இருந்து வந்த பையன் நாலு மணிக்கு எந்திரிச்சு போட்டதுங்க்கான்னான். நான் அட்டையில ரிஜெக்ட்னு எழுதி தேதி போட்டேன். அவன் அந்த துணிய மட்டும் பிச்சு எடுத்து நாலா மடிச்சு சட்டை பாக்கெட்ல வெச்சுக்கிட்டான். அட்டைய டேபிள்லயே விட்டுட்டு போயிட்டான். மனுசங்களும் அப்படித்தான், வெளிச்சம் மாறினாத்தான் அவங்க நிஜ நிறம் தெரியும்."

கரிக்கோடு:

அருமைங்க. இதுல ஒரு வரி கூட கடன் வாங்கினது இல்ல, கடைசி வரிய தவிர. அந்த கடைசி வரிய எடுத்துருங்க. "லேசா பழுத்துச்சு"ன்னு எழுதியிருக்கீங்களே, அது துணிய பாத்து வந்த வார்த்தை. "மனுசங்களும் அப்படித்தான்"ங்கறது எந்த கதைக்கு கீழ வேணா ஒட்டலாம். அதோட அது உங்க கதைக்கே எதிரா போகுது, பையனோட நிஜ நெறம் என்னன்னு இங்க யாருக்கும் தெரியல, அவன் ஏன் அத பாக்கெட்ல வெச்சான்னும் தெரியல. தெரியாமலே இருக்கட்டும்.

பனங்கூடல்:

நானும் அதைத்தான் சொல்ல வந்தனான். "நாலு மணிக்கு எந்திரிச்சு போட்டதுங்க்கா", இதுதான் நான் சொன்ன வசனம், உங்களுக்குக் கிடைச்சிட்டுது. ஒரு கேள்வி, அவன் அப்பிடிச் சொன்ன பிறகு நீங்கள் ரிஜெக்ட் எண்டு எழுதேக்க உங்கட கை எப்பிடி இருந்தது? பேனை எழுதினதோ, ரெண்டாந்தரம் கீற வேண்டி வந்ததோ? அந்த அக்கா கதைக்குள்ள வரேல்லை, வெளியில நிண்டு பாக்கிறா. ஒரு வரி போதும்.

செம்பழுப்பு:

எனக்கு படிச்சதும் படமா தெரிஞ்சுருச்சுங்க. ஒரே பக்கத்துல மேலயும் கீழயும் ரெண்டு கட்டம், ரெண்டுலயும் அதே லைன் டிராயிங், லைட் பாக்ஸும் ரெண்டு துண்டும் அட்டைய புடிச்சிருக்கற கையும். மேல டி65, கீழ டிஎல்84. மாறறது வெளிச்சம் மட்டும்தான். அந்த பையன் மொகத்த வரைய வேணாம், டையிங்ல நிக்கற ஆளோட நகக்கண்ணு எப்படி இருக்கும்னு உங்களுக்கு தெரியும், எவ்ளோ தேச்சாலும் ஓரத்துல சாயம் போகாது, அந்த வெரல மட்டும் கீழ் கட்டத்துல பாக்கெட்டுக்குள்ள போற மாதிரி வைங்க. லைட் பாக்ஸோட உள்பக்கம் மங்கலான சாம்பல், அதனால பச்சைய ரொம்ப கூட்ட வேணாம், சாம்பலுக்கு பக்கத்துல கொஞ்சம் பச்சையே பளிச்சுன்னு நிக்கும்.

பிக்சல்பட்டி:

லேட்டா வந்தேன், ஒரே ஒரு விஷயம். யாராச்சும் உங்கள இங்க்டோபர் மாதிரி மாசம் முழுக்க பண்ற சேலஞ்சுல சேரச் சொல்லுவாங்க. 2009ல ஜேக் பார்க்கர்ங்கற ஓவியர் தன்னோட மை வேலைய வளத்துக்க ஆரம்பிச்சது அது, அக்டோபர்ல தெனம் ஒரு இங்க் டிராயிங். எழுத்துல நானோரைமோன்னு 1999ல ஆரம்பிச்சு நவம்பர் ஒரே மாசத்துல 50,000 வார்த்தை எழுதுவாங்க, அந்த அமைப்பு 2025ல மூடிட்டாங்க. நான் இத திட்டல, கூட்டமா சேந்து பண்றது நெறய பேருக்கு பெரிய தெம்பு. ஆனா கொழந்தைய தூங்க வெச்சுட்டு ஒரு மணி நேரம் எடுக்கறவங்களுக்கு தெனம் ஒன்னுங்கறது வேணாம்னுதான் சொல்லுவேன். ஒரு நாள் விட்டுப் போச்சுன்னா மிச்ச நாளும் போயிரும், அப்புறம் டேப்லெட்ட பாத்தாலே கடன்காரனா தெரியும். வாரத்துக்கு ஒரு பொருள் எடுத்துக்கங்க. திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் அத பத்தி சும்மா குறிப்பு, போன்ல வாய்ஸ் நோட், சின்ன சின்ன தம்ப்நெயில், தீப்பெட்டி சைஸ்ல ஒரு ஆறு போட்டா போதும். சனி ஞாயிறு ஒன்ன மட்டும் முடிங்க. ஆபீஸ்ல போட்டோ எடுக்கறப்ப மட்டும் கவனமா இருங்க, பையர் பேரு, ஸ்டைல் நம்பர் எதுவும் படத்துல வந்துரக் கூடாது, கம்பெனிங்க அதுல கறாரா இருக்கும், மனசுல பாத்து வெச்சுக்கிட்டு வீட்டுல வந்து வரையறதே நல்லது.

நூல்கண்டு:

கடைசி வரிய எடுத்துட்டேங்க. பேனா வரிய சேத்துட்டேன், நெஜமாவே மொத தடவை எழுதல, அட்டை ஓரத்துல கிறுக்கிட்டு திரும்ப எழுதுனேன், அந்த கிறுக்கல படத்துலயும் போடப் போறேன். பையர் பேரு விஷயம் நல்லவேளை சொன்னீங்க, நான் போட்டோ எதுவும் எடுக்கல. இப்ப செம்பழுப்பு அண்ணா சொன்ன ரெண்டு கட்டத்துக்கு தம்ப்நெயில் போட்டுட்டு இருக்கேன். ரெண்டு சந்தேகம். கேன்வாஸ் என்ன சைஸ் வெக்கறது, பின்னால பிரிண்ட் எடுத்து செவுத்துல ஒட்டணும்னு ஆசை. இன்னொன்னு, கதைய டைப் பண்ணி படத்துக்குள்ள வெக்கறதா, கையில எழுதறதா?

செம்பழுப்பு:

ஏ5 (ஏ4 தாள்ல பாதி) போதும், 300 டிபிஐல, அதாவது ஒரு இஞ்சுக்கு 300 புள்ளின்னு வெச்சா 1748க்கு 2480 பிக்சல். லேப்டாப்பும் தெணறாது, பிரிண்டும் நல்லா வரும். எழுத்த கையாலயே எழுதுங்க, டைப் பண்ண தமிழ் எழுத்துரு (ஃபாண்ட்) தேடறதுக்கே ஒரு ராத்திரி போயிரும், தவிர ரிஜெக்ட்னு அட்டையில எழுதின அதே கையெழுத்துல மொத்த கதையும் வந்தா நல்லாருக்கும். எழுத்துக்கு தனி லேயர் வைங்க, ஒரு வார்த்தை மாத்தணும்னா படம் கெடாது. மேல் கட்டத்துக்கு பக்கத்துல எழுத்தே வேணாம், எல்லாத்தையும் கீழ வைங்க. சேவ் பண்றப்ப கிரிட்டாவோட சொந்த கேஆர்ஏ பைலா ஒன்னு வெச்சுக்கிட்டு, இங்க போடறதுக்கு மட்டும் பிஎன்ஜியா எக்ஸ்போர்ட் பண்ணுங்க. அந்த கீழ் கட்டத்து பழுப்பு சரியா வந்திருக்கான்னு பாக்க ஸ்கிரீன்ல நைட் லைட்ட அணைச்சுட்டு பாருங்க, அது ஆன்ல இருந்தா எல்லாமே மஞ்சளாத்தான் தெரியும்.